குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது? வெளிநாட்டுத் தமிழரின் பெயர்ச் சிக்கல்கள்

2024 நவம்பர் 9, வாசகர் கேள்வி

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரிக்காமல் என் பெயரை மட்டும் கொடுத்துவிட்டேன். வரும் கோடையில் ஜெர்மனியில் வேலைக்குச் சேர வேண்டும். எந்தப் படிவத்தைத் திறந்தாலும் குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. அப்பாவின் பெயரைப் போட்டுவிடலாமா, பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டுமா, அல்லது இப்படியே போய்ச் சமாளிக்கலாமா?

2024 நவம்பர் 9, இரவு

பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரை எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள். அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. குடியேற்ற அதிகாரி பார்ப்பது புகைப்படம் உள்ள பக்கத்தை. கருவி படிப்பது அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளை. அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் வெளிநாட்டில் உங்கள் பெயர்.

கோடை வரை காலம் இருப்பதால், விசாவுக்கு முன்பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மாற்றி வாங்கிவிடுங்கள். விசா நடைமுறை தொடங்கிய பிறகு பாஸ்போர்ட் எண் மாறினால் அது தனித் தலைவலி.

2024 நவம்பர் 10

"சமாளிக்கலாமா" என்ற பகுதிக்கு நேற்று விடை சொல்லவில்லை. சமாளிக்கலாம். சமாளித்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் ஸ்டுட்கார்ட்டில் என் அடுத்த தெருவில் இருக்கிறார். ஒற்றைப் பெயர்க்காரர். அவருடைய வசிப்பிட அட்டையில் அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விட்டது. முதற்பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை என்பதால், வங்கியில் பெயரை இரண்டு முறை எழுதிக் கணக்குத் தொடங்கினார்கள். மின்சார நிறுவனத்தில் முதற்பெயராக "திரு" என்பதற்கான ஜெர்மன் சொல்லே பதிவாகியிருக்கிறது. ஆக, ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள்.

இதில் சிரிப்பதற்கு இடம் இருக்கிறது என்றாலும், ஜெர்மனியில் பெயர் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கு வந்து இறங்கும் வரை யாரும் உணர்வதில்லை. இங்குள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. கடிதத்தில் தெருவின் பெயர், கட்டட எண், ஆளின் பெயர் ஆகியவை மட்டுமே இருக்கும். தபால்காரர் கீழ்த்தளத்தில் வரிசையாக உள்ள பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுகிறார். பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் வசிப்பிடத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிந்தபின் சம்பளத்துக்குத் தேவையான 11 இலக்க வரி எண் தபாலில்தான் வரும். வங்கி அட்டை தனியாகவும் அதன் ரகசிய எண் தனியாகவும் தபாலில் வரும். என் முதல் வரி எண் கடிதம் இப்படித்தான் திரும்பிப் போயிற்று. நான் பெட்டியில் ஊர் வழக்கப்படி இனிஷியலும் என் பெயரும் ஒட்டியிருந்தேன். கடிதமோ பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயராக உள்ள அப்பாவின் பெயருக்கு வந்திருக்கிறது. வரி எண் கிடைக்கும் வரை, மிக அதிகமாகப் பிடித்தம் செய்யும் ஆறாம் வரி வகுப்பில் வைத்துச் சம்பளம் போட்டார்கள். அந்தப் பணம் பிறகு வந்து சேர்ந்தது. ஆனால் முன்பணமும் வாடகையும் கட்ட வேண்டிய முதல் மாதத்தில் அது வரவில்லை.

2024 நவம்பர் 12

பாஸ்போர்ட்டை எப்படி மாற்றுவது என்று பலர் கேட்கிறார்கள். அதற்குமுன் உங்களிடம் உள்ள இந்திய ஆவணங்களை மேசையில் பரப்பி ஒருமுறை பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் பின்னால் இனிஷியலும் இருக்கும். ஆதாரில் ஒரே பெயர்க் கட்டம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயர் கட்டாயம். குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். இனிஷியலை எழுதக்கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பான் அட்டை விண்ணப்பம் இதற்கு நேர்மாறு: அங்கே குடும்பப் பெயர்தான் கட்டாயம், ஒற்றைப் பெயர்க்காரர்கள் தம் பெயரை அந்தக் கட்டத்தில்தான் எழுத வேண்டும். ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒரே பெயரை எதிரெதிர்க் கட்டங்களில் போடச் சொல்லும்போது, ஜெர்மானியரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பாஸ்போர்ட்டில் "முருகன் சுப்பையா" என்று முழுவதும் பெயர்க் கட்டத்திலேயே இருந்தால், அதை இரண்டு கட்டங்களாகப் பிரிப்பதும், "முருகன்" என்று மட்டும் உள்ள இடத்தில் "சுப்பையா"வைப் புதிதாகச் சேர்ப்பதும் ஒன்றல்ல. முன்னது எளிது. பின்னதைப் பெயர் மாற்றம் என்று அதிகாரி கருதினால் நாளிதழ் அறிவிப்பு, பிரமாணப் பத்திரம், சில வேளைகளில் அரசிதழ் வெளியீடு என்று போகும். தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. அந்த வேலை ஊரில் இருக்கும்போது சில வாரச் சிரமம். வெளிநாட்டிலிருந்து துணைத் தூதரகம் வழியாகச் செய்யும்போது விடுப்பும் ரயில் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

எழுத்துக்கூட்டலும் முக்கியம். சண்முகமா ஷண்முகமா, ரோமன் எழுத்தில் எச் ஒன்றா இரண்டா, செழியனில் வரும் சிறப்பு ழகரத்தை எப்படி எழுதியிருக்கிறது என்று எல்லா ஆவணங்களிலும் பாருங்கள். எது சரியான ஒலிபெயர்ப்பு என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளது தவறாகவே இருந்தாலும் மற்றவற்றை அதற்கு இசைய மாற்றுவதே மலிவு.

2024 நவம்பர் 12, பிற்சேர்க்கை

பட்டச் சான்றிதழில் இனிஷியல்தான் இருக்கிறது, அதை மாற்ற முடியாதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாற்ற வேண்டாம். இனிஷியல் தந்தையின் பெயருடைய முதல் எழுத்து என்று ஒரு பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் எந்த நிறுவனமும் அதைக் கேட்டதில்லை, மனைவியிடம் கேட்டார்கள்.

2024 நவம்பர் 17

நேற்று ஒருவர் தந்த யோசனைக்கு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது. "அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகாது, தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும், ஆகவே தாத்தா காலத்தில் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாச் சிக்கலும் தீரும்" என்கிறார். அவர் பட்டம் என்று நாகரிகமாகச் சொல்வது சாதிப் பெயரை.

நம் பெயர்களுக்குப் பின்னால் அந்தக் கட்டம் காலியாக இருப்பது மறதியால் அல்ல. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். பெரியார் தம் பெயரிலிருந்து அதை நீக்கினார். பின்னர் ஊர் ஊராக, வாத்தியார்களும் எழுத்தர்களும் பள்ளிப் பதிவேட்டில் எழுதாமலே விட்டு, இரண்டு மூன்று தலைமுறைகளில் அது வழக்கொழிந்தது. அப்படி ஒழிந்த ஒன்றை, ஒரு வெளிநாட்டுப் படிவத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி இருக்கிறது என்பதற்காகப் பெட்டியிலிருந்து தூசி தட்டி எடுக்க வேண்டுமா? இங்கு வந்தபின் அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். ஜெர்மானியருக்கு அது எந்தப் பொருளும் தராத ஒலி. ஆனால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் உள்ள இந்தியருக்குப் பொருள் தெரியும்.

தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பது உண்மைதான். மாறட்டும். ஐஸ்லாந்தில் அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்ற விகுதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். புதிதாகக் குடும்பப் பெயர் சூடுவதை 1925இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகத்தைக் கூட முதற்பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள்.

2024 நவம்பர் 18

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைப்பது சங்கடமாக இல்லையா என்று கேட்கிறார்கள். முதலில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை உடையவர் என் பெரியத்தை ஒருவர்தான். இங்கே பல் மருத்துவரின் உதவியாளரான இருபது வயதுப் பெண் அதை உரக்கச் சொல்கிறார், நான் எழுந்து போகிறேன். அப்பாவிடம் சொன்னபோது, "பல்லைப் பிடுங்கும்போதும் என் பெயரைச் சொல்லியா பிடுங்குகிறார்கள்?" என்றார்.

2024 டிசம்பர் 3

ஜெர்மனியை விட்டு மற்ற நாடுகளைப் பற்றியும் எழுதச் சொல்கிறார்கள்; நேரில் கண்டவர்கள் சொன்னதைக் கொண்டு சுருக்கமாக எழுதுகிறேன்.

வளைகுடா செல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா அல்லது வருகை விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிக்காது என்று விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர்த் தளர்த்தினார்கள். குடியிருப்பு விசாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எப்படியிருந்தாலும், துபாய் வழியாகப் பயணம் செய்து இடையில் இரண்டு நாள் ஊர் சுற்ற நினைக்கும் ஒற்றைப் பெயர்க்காரர்கள், டிக்கெட் வாங்குவதற்கு முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயரின் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சிட்டு விசா தருவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம் வரை அந்த மூன்றெழுத்து தொடர்வதால், உடன் வேலை பார்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்களாம்.

மலேசியத் தமிழர்கள் இந்தத் தொல்லையில் இல்லை. அங்கே "ஏ/எல்", "ஏ/பி" என்று இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பது ஆவணத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் "எஸ்/ஓ", "டி/ஓ". நம் முறையை நம் முறையாகவே பதிவேட்டில் ஏற்றிக்கொண்ட ஆட்சிகள் அவை. ஆனால் அவர்களும் ஐரோப்பிய விமான நிறுவனத்தின் இணையப் படிவத்துக்கு வந்தால் அந்தச் சாய்கோட்டைத் தட்ட முடியாமல் நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள்.

2025 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். விடுமுறை என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதெல்லாம் தனியாளுக்கானது. குடும்பம் வந்து சேரும்போது கணக்கு மாறுகிறது. என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். மனைவியின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். ஊரிலேயே பிறந்த மூத்த மகளின் குடும்பப் பெயர் என் பெயர். ஆக, மூன்று பேருக்கு மூன்று பெயர். தபால் பெட்டியில் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொடி எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று குடித்தனங்கள் கூட்டாக வசிக்கின்றன என்று கீழ்வீட்டு அம்மையார் நீண்ட காலம் நம்பிக்கொண்டிருந்தார்.

அரசு சார்ந்த காப்பீட்டில் மனைவியையும் குழந்தையையும் தனிக் கட்டணம் இன்றிச் சேர்க்க முடியும். பெயர்கள் வேறாக இருப்பதால் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் கேட்டார்கள்; அது நியாயம். வேறு சில காரியங்களுக்குச் சான்றிதழின் உண்மைத்தன்மையை உறுதி செய்து வரச் சொல்வார்கள். இங்கேதான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். முகவர்கள் "அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருகிறோம்" என்று பணம் பறிப்பார்கள். ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று மற்ற நாட்டுக்குக் காட்டும் முத்திரை அது. இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. இரண்டு நாடுகளுக்கும் இடையே அந்த முத்திரைக்கு வேலையில்லை. தேவைப்படும்போது இங்குள்ள அலுவலகம் ஜெர்மன் தூதரகங்கள் வழியாக ஊரிலேயே ஆவணத்தைச் சரிபார்க்க ஏற்பாடு செய்யும். அதற்குக் கட்டணமும் பல மாதக் காத்திருப்பும் உண்டு. ஊருக்கு ஆள் வந்து விசாரித்தார் என்று மாமனார் கவலையோடு தொலைபேசியில் சொன்னால் பதறாதீர்கள்.

மனைவியின் பெயரை மாற்றி என் பெயருக்குப் பொருத்திவிடலாமே என்று அதிகாரிகள் சிலர் அன்போடு சொல்வார்கள். அதன்படி மாற்றினால் அவர் பெயருக்குப் பின்னால் வருவது என் பெயர் அன்று, அவருடைய மாமனாரின், அதாவது என் அப்பாவின் பெயர். என் மனைவி இதைக் கேட்டுச் சொன்ன விடையை இங்கே எழுத முடியாது. பெயரை மாற்றும் கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. இருவருடைய திருமணச் சான்றின் மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் போதும்.

மொழிபெயர்ப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் மட்டும் இருக்கும். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள், பதிவாளர் அலுவலகத்துக்கான வேலை என்றால், ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் ஒலிபெயர்ப்பு நெறிப்படி மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்டுப் பெயரை எழுதுவார்கள். இலக்கணப்படி அது துல்லியமானது. உங்கள் பாஸ்போர்ட்டோடு மட்டும் பொருந்தாது. பாஸ்போர்ட் நகலை முன்கூட்டியே கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி 22

மார்ச் மாதம் குழந்தை பிறக்கவிருக்கும் தம்பதியர், பதிவாளர் அலுவலகத்தில் என்ன பெயர் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். பிறந்த ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

ஜெர்மன் சட்டப்படிப் பெயர் வைத்தால் குழந்தைக்குத் தாய் அல்லது தந்தையின் குடும்பப் பெயர் வரும். தந்தையின் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர் அல்லவா? ஆகவே பேரன் தாத்தா பெயரைச் சுமப்பான், தந்தையின் பெயரை அல்ல. நம் வழக்கப்படி தந்தையின் பெயரே வர வேண்டும் என்று விரும்பினால், குழந்தையின் பெயருக்கு இந்தியச் சட்டம் பொருந்த வேண்டும் என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். அலுவலர்கள் எல்லோருக்கும் இது பழக்கமில்லை; எங்கள் இளைய மகன் பிறந்தபோது எதிரில் இருந்த பெண்மணி தடித்த கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேலாளரிடம் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு மிகுந்த அக்கறையோடு, "இவன் மகனுக்கு இவன் பெயர் வருமா?" என்று விசாரித்தார். வரும் என்றேன். நல்ல முறை என்றார்.

நான் இப்போது யோசிக்கிறேன். இங்கேயே வளரப்போகும் பிள்ளைகளுக்கு அக்காளும் தம்பியும் ஒரே பெயரில் இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. நவம்பரில் "மாறட்டும்" என்று வீறாப்பாக எழுதினேன். அடுத்த தலைமுறையில் மாற்றுவதா நிறுத்துவதா என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தியக் குடியுரிமை உள்ள குழந்தை என்றால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிய வேண்டும். அங்கும் அதே எழுத்துக்கூட்டலில்.

2025 மே 6

பிப்ரவரிக் குறிப்புக்கு ஒரு மாற்றம். இம்மாதம் 1ஆம் தேதி முதல் ஜெர்மனியின் பெயர்ச் சட்டம் மாறியிருக்கிறது. முன்பு ஒருவரின் பெயரை அவருடைய குடியுரிமை நாட்டின் சட்டம் தீர்மானித்தது. இனி அவர் வழக்கமாக வசிக்கும் நாட்டின் சட்டம் தீர்மானிக்கும். இங்கு வாழும் இந்தியக் குழந்தைக்கு இயல்பாகவே ஜெர்மன் சட்டம் பொருந்தும். குடியுரிமை நாட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியை மூடவில்லை. ஆனால் நீங்களாகக் கேட்டு அறிவிக்க வேண்டும். அதோடு, தாய் தந்தை இருவரின் குடும்பப் பெயர்களையும் இணைத்துக் குழந்தைக்கு இரட்டைப் பெயர் வைக்கவும் இப்போது இடம் இருக்கிறது. இரண்டு தாத்தாக்களின் பெயரும் நடுவே ஒரு சிறு கோடும். எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் இருவரை ஒரே கோட்டின் இரு பக்கமும் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியும்.

2025 ஜூலை 19

ஜெர்மன் குடியுரிமை பெறும்போது பெயரைச் சீர்செய்ய முடியுமா என்ற கேள்வி மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. முடியும். குடியுரிமை கிடைத்த பின், உள்ள பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று பதிவாளர் அலுவலகத்தில் அறிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் தம் பெயரில் இல்லாத பகுதியைப் புதிதாகத் தேர்ந்துகொள்ளலாம். அடுத்த தெரு நண்பர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். கோட்டைத் தூக்கிவிட்டு அப்பாவின் பெயரைப் போடப்போகிறார்.

வரிசை முக்கியம். 2024 ஜூன் முதல் ஐந்தாண்டு வசிப்பு போதும் என்றும் பழைய குடியுரிமையை விட வேண்டியதில்லை என்றும் ஜெர்மனி சொன்னாலும், இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே முதலில் பெயர் அறிவிப்பு, பிறகு புதுப் பெயரில் ஜெர்மன் பாஸ்போர்ட், பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று, அதன்பின் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. ஓசிஐ வாங்கியபின் பெயரைத் திருத்தினால் அந்த அட்டையையும் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று காட்டப் பெயர் அறிவிப்புச் சான்றின் சில பிரதிகளைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ஊரில் வங்கிக் கணக்கும் பத்திரமும் பழைய பெயரில்தான் இருக்கின்றன. பான் அட்டையையும் அதன் பிறகே திருத்த முடியும். அந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் கட்டாயம் என்பதை 2024 நவம்பர் 12 குறிப்பில் எழுதியிருக்கிறேன்.